கடைசிப் பக்கத்தில் பொருளடக்கம்

திறக்க மறுக்கும் ஜிப் கோப்பைக் கெட்டுப்போனதென்று அழித்துவிடுகிறோம். பல வேளைகளில் உள்ளே இருக்கும் சரக்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதைக் கண்டுபிடித்துத் தரும் பட்டியல்தான் தொலைந்திருக்கும். பட்டியல் அவ்வளவு சுலபமாகத் தொலைவதற்கான காரணம் ஃப்ளாப்பி காலத்தில் இருக்கிறது. மோடம் வழியே தொலைபேசிக் கம்பியில் கோப்புகளை அனுப்பிய 1980-களில், எஸ்.இ.ஏ. என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆர்க் என்ற, கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் வடிவம் பரவலாக இருந்தது. மில்வாக்கியைச் சேர்ந்த ஃபில் காட்ஸ் அதே வடிவத்துக்கு இன்னும் வேகமான மென்பொருள் எழுதினார். 1988-ல் எஸ்.இ.ஏ. வழக்குத் தொடுக்க, சமரசத்துக்குப் பின் காட்ஸ் தமக்கென்று ஒரு வடிவம் அமைத்தார். 1989-ல் வந்த அதுதான் ஜிப். விவரக்குறிப்பையும் அவர் வெளியிட்டுவிட்டதால் யார் வேண்டுமானாலும் அதற்கு மென்பொருள் எழுத முடிந்தது. இன்றும் ஒரு ஜிப் கோப்பை நோட்பேடில் திறந்தால், புரியாத குறிகளுக்கு முன்னால் ‘பி’, ‘கே’ என்ற அவருடைய ஆங்கில முதலெழுத்துகள் நிற்கும்.

அந்த எழுத்துகளோடு தொடங்கும் சிறு தலைப்பு ஒவ்வொரு உட்கோப்புக்கும் முன்னால் உண்டு. எந்தக் கோப்பு எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் முழுப் பட்டியல் மட்டும் ஜிப்பின் கடைசியில் இருக்கிறது. திறக்கும் மென்பொருள் வாலிலிருந்துதான் படிக்கத் தொடங்கும். ஆகவே டவுன்லோடு முடியும் தறுவாயில் அறுந்தால், முதலில் தேடப்படும் பகுதியே வந்து சேர்ந்திருக்காது. பட்டியலை முன்னால் வைத்திருக்கலாமே என்று கேட்பது நியாயம்தான். ஆனால் சுருக்கி முடிக்காமல் ஒரு கோப்பின் அளவு தெரியாது. பின்னால் இருந்தால், புதிய கோப்பொன்றைச் சேர்க்கும்போது பழைய சரக்கை நகர்த்த வேண்டியதும் இல்லை. மெதுவான ஃப்ளாப்பியில் இது பெரிய லாபம். மாறாக, யுனிக்ஸின் டார் வடிவத்தில் பட்டியலே கிடையாது. அறுந்த டார் அறுந்த இடம்வரை பிரியும்; ஆனால் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கவே முழுவதையும் படித்தாக வேண்டும். பட்டியல் தொலையும் ஆபத்தைக் காட்ஸ் தெரிந்தேதான் ஏற்றார் என்பேன். அவருடைய பிகேஜிப் மென்பொருளோடு பிகேஜிப்ஃபிக்ஸ் என்ற பழுதுபார்க்கும் நிரலும் வந்தது. சிறு தலைப்புகளைத் தேடிப் பொறுக்கிப் பட்டியலைத் திரும்பக் கட்டுவதே அதன் வேலை. இன்ஃபோ-ஜிப் என்ற மென்பொருளின் ‘-எஃப்எஃப்’ கட்டளை செய்வதும் அதுவே.

சரக்கே சிதைவதும் உண்டு. எஃப்.டி.பி. என்ற கோப்புப் பரிமாற்ற முறையில் பைனரி முறைக்குப் பதில் உரைமுறையில் அனுப்பினால், வரிமுடிவுக் குறிகளென்று எண்ணி நடுவிலுள்ள பைட்டுகளை அது மாற்றிவிடும். ஒவ்வொரு கோப்புக்கும் ஜிப் வைத்திருக்கும் 4 பைட் சரிபார்ப்பு எண், சி.ஆர்.சி., தவறு நேர்ந்ததைக் காட்டிக்கொடுக்கும், திருத்தித் தராது. யெவ்கேனி ரோஷல் 1993-ல் உருவாக்கிய ரார் வடிவத்தில், கூடுதல் இடம் கொடுத்தால் மீட்புத் தரவையும் சேர்த்து வைக்கலாம். அந்த வசதி இல்லாததே ஜிப்பின் உண்மையான குறை. மற்றபடி, 4 ஜி.பி.யைத் தாண்டிய கோப்பை விண்டோஸ் எக்ஸ்பி திறக்காதது கோப்பின் குற்றமல்ல. 32 பிட் எண்ணில் அடங்காத அளவுகளுக்காக 2001-ல் வந்த ஜிப்64 அதற்குப் புரியவில்லை, அவ்வளவுதான். தமிழில் பெயரிட்ட கோப்புகள் கிறுக்கலாக வெளிவருவதும் இந்த வகைதான். பெயர் யுடிஎஃப்-8-ல் உள்ளது என்று சொல்லும் குறி 2006-ல்தான் விவரக்குறிப்பில் சேர்ந்தது. அதைப் பொருட்படுத்தாத மென்பொருள் பெயரைத்தான் குதறும். உள்ளடக்கம் அப்படியே இருக்கும்.