சிறிய டர்போ காரும் மாற்றுப் புகைபோக்கியும்: அபார்த் வரலாறு

காரோடு வரும் புகைபோக்கியைக் கழற்றிவிட்டு, வெளிச்சந்தையில் வாங்கிய வேறொன்றைப் பொருத்தும் வழக்கம் ஐரோப்பாவில் பரவக் காரணமானவற்றுள் இத்தாலியின் அபார்த் நிறுவனம் முக்கியமானது. 1949இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் சிறிய ஃபியட் கார்களுக்கான புகைபோக்கிகளால் பெயர் பெற்றது. இன்று அதே பெயரில் ஓடும் சிறிய கார்களின் பெட்ரோல் இன்ஜினில் டர்போசார்ஜர் இருக்கிறது. இந்த இரு காலங்களிலும் புகைபோக்கி செய்த வேலை ஒன்றன்று. முதற்காலத்தில் உண்மையாக இருந்த பல கருத்துகள் டர்போ காருக்குப் பொருந்துவதில்லை. இவ்வேறுபாட்டை அறியாமல் பணம் செலவழிப்போர் இன்றும் பலர். எனவே இக்கட்டுரை அந்த வரலாற்றையும், அதிலிருந்து புகைபோக்கியைத் தேர்ந்தெடுப்பதற்குக் கிடைக்கும் பாடங்களையும் சுருக்கமாகத் தருகிறது.

புகைபோக்கியின் பணிகள்

கார் புகைபோக்கிக்கு மூன்று பணிகள் உண்டு. இன்ஜினில் எரிந்த வாயுவைத் தடையின்றி வெளியேற்றுவது ஒன்று. வெடிப்பின் ஓசையை அடக்குவது மற்றொன்று. 1970களிலிருந்து படிப்படியாகச் சேர்ந்த மூன்றாவது பணி, நச்சு வாயுக்களைத் தூய்மைப்படுத்துவது. இம்மூன்றும் ஒன்றோடொன்று முரண்படுபவை. ஓசையை அடக்கும் தடுப்புகளும், தூய்மைப்படுத்தும் வினையூக்கியும் வாயுவின் பாதையில் தடையாகவே நிற்கின்றன. எந்தப் பணியில் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதே புகைபோக்கி வடிவமைப்பின் அடிப்படைக் கேள்வி.

கார்லோ அபார்த்தும் சிறிய ஃபியட்டும்

கார்லோ அபார்த் 1908இல் வியன்னாவில் பிறந்தார். இளமையில் மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்தவர், இரண்டாம் உலகப்போருக்குப் பின் இத்தாலியின் சிசித்தாலியா பந்தயக் கார் நிறுவனத்தில் பணியாற்றினார். அந்நிறுவனம் நொடித்தபோது, 1949 மார்ச் 31 அன்று தம் பெயரிலேயே புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய பிறப்பு ராசியான விருச்சிகத்தின் தேளே நிறுவனத்தின் சின்னமாயிற்று. பொலோனியாவில் பதிவு செய்யப்பட்ட நிறுவனம் விரைவில் துரின் நகருக்கு இடம்பெயர்ந்தது.

போருக்குப் பிந்தைய இத்தாலியில் சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய கார் மிகச் சிறியது. 1957இல் வந்த ஃபியட் 500 காரின் இன்ஜின் 479 கன செ.மீ. கொள்ளளவும் 13 குதிரைத்திறனும் கொண்டது. பந்தயக் கார் வாங்க வசதியில்லாத இளைஞர், தம்மிடமிருந்த சிறு காரையே சற்று வேகமானதாக்க விரும்பினார். அவருக்கு அபார்த் விற்ற பொருள்களுள் முதன்மையானது புகைபோக்கி. உள்ளே துளையிட்ட நேர்க்குழாய், அதைச் சுற்றி ஒலியை உறிஞ்சும் கண்ணாடி இழை, வெளியே கறுப்பு வண்ணம், முனையில் பளபளக்கும் குரோமியம் பூச்சு என்ற அமைப்பு அதற்கே உரிய அடையாளமாயிற்று. ஃபியட் மட்டுமன்றி ஃபோக்ஸ்வேகன், போர்ஷே கார்களுக்கும் அபார்த் புகைபோக்கி செய்தது. நிறுவனத்தின் வரலாற்றுக் குறிப்பின்படி 1962இல் 2,57,000 புகைபோக்கிகள் தயாராயின. அவற்றில் 65 விழுக்காடு ஏற்றுமதியாயிற்று.

விற்பனைக்குத் துணைநின்றவை சாதனை ஓட்டங்கள். 1958 பிப்ரவரி 13 முதல் 20 வரை, அபார்த் மேம்படுத்திய ஃபியட் 500 ஒன்று மோன்சா பந்தயத்தடத்தில் 168 மணி நேரம் ஓடியது. அது கடந்த தொலைவு 18,186 கி.மீ.; சராசரி வேகம் மணிக்கு 108 கி.மீ. மோன்சா என்ற பெயர் பின்னாளில் அபார்த் புகைபோக்கிக்கே சூட்டப்பட்டது.

அக்காலத்து இன்ஜின்கள் வெளிக்காற்றைத் தாமாகவே உறிஞ்சுபவை. அத்தகைய இன்ஜினில் ஒவ்வொரு வெடிப்புக்குப் பின்னும் குழாயில் ஓர் அழுத்த அலை ஓடுகிறது. அது குழாயின் திறந்த முனையை அடைந்ததும் தாழழுத்த அலையாகத் திரும்புகிறது. வால்வு திறந்திருக்கும் வேளையில் அந்த அலை வந்து சேர்ந்தால், சிலிண்டரில் மிஞ்சிய புகையை அது இழுத்து வெளியேற்றும். புதிய காற்று அதிகமாக உள்ளே வரும். ஆகவே குழாயின் நீளமும் விட்டமும் இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப அமையவேண்டும். குழாய் தேவைக்கு மேல் அகன்றால் வாயுவின் ஓட்டம் தளர்ந்து, குறைந்த வேகத்தில் இழுவை குறையும். "புகைபோக்கியில் கொஞ்சம் பின்னழுத்தம் இருந்தால்தான் வண்டி இழுக்கும்" என்று பட்டறைகளில் இன்றும் சொல்லப்படுவது இந்த அனுபவத்தின் எச்சமே. உண்மையில் உதவியது பின்னழுத்தம் அன்று. சரியான நேரத்தில் திரும்பிய அலையே.

டர்போ வந்தபின் நேர்ந்த மாற்றம்

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905இல் டர்போசார்ஜர் கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். கப்பல்களிலும் விமானங்களிலும் வளர்ந்த அந்நுட்பம் 1962இல் அமெரிக்காவில் விற்பனைக் கார்களுக்கு வந்தது. ஐரோப்பாவில் 1973இன் பிஎம்டபிள்யூ 2002 டர்போவும், 1977இல் காட்சிக்கு வந்த சாப் 99 டர்போவும் அதைப் பரவலாக அறிமுகப்படுத்தின. ஃபியட் 1985இல் ஊனோ டர்போ என்ற சிறிய காரை வெளியிட்டது. இதற்கிடையே, 1971இல் அபார்த் நிறுவனம் ஃபியட்டின் உடைமையாகியிருந்தது.

டர்போ இன்ஜினில், வெளியேறும் சூடான வாயு முதலில் ஒரு சுழலியைச் சுற்றுகிறது. அதே அச்சிலுள்ள விசிறி வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. வாயுவின் பாதையில் மிகப் பெரிய தடை இந்தச் சுழலியே. அதைத் தாண்டி வருகையில் வெடிப்பு அலைகள் பெரிதும் மழுங்கிவிடுகின்றன. எனவே சுழலிக்குப் பின்னுள்ள குழாயின் நீளத்தை அலைக்கேற்ப அளந்து வைப்பதால் பெரும்பயன் இல்லை. அங்கே வேண்டியது ஒன்றே: அழுத்தம் இயன்ற அளவு குறைவாக இருப்பது. சுழலியின் முன்னும் பின்னுமுள்ள அழுத்தங்களுக்கிடையே விகிதம் கூடக்கூட அது எளிதில் வேகம் பிடிக்கும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, டர்போ காரில் புகைபோக்கியின் எல்லாப் பகுதிகளும் ஒரே மதிப்புடையவை அல்ல. சுழலியை ஒட்டி இறங்கும் குழாயும் அதிலுள்ள வினையூக்கியும் திறனைப் பெரிதும் பாதிக்கும். கடைசியிலுள்ள சைலன்சர் பெரும்பாலும் ஓசையையே மாற்றும். இரண்டாவது, இக்கால இன்ஜினில் டர்போ அழுத்தத்தை முடிவு செய்வது கணினி. தடை குறைந்தாலும், குறித்த அளவுக்குமேல் அழுத்தம் ஏறாதபடி அது மிகுதி வாயுவைச் சுழலியைச் சுற்றிப் புறவழியாக விட்டுவிடும். ஆகவே கணினியில் புதிய அமைப்பை ஏற்றாமல் குழாயை மட்டும் மாற்றினால், டர்போ சற்று விரைவாக எழலாம். உச்சத்திறன் பெரிதாக உயராது. சில இன்ஜின்களில் அந்தப் புறவழி சிறியதாக இருக்கும். அங்கே குழாயை மிகத் தாராளமாக்கினால் அழுத்தம் கட்டுக்கு அடங்காமல் ஏறி, இன்ஜினுக்கே கேடு விளையவும் கூடும்.

வினையூக்கியும் சட்டங்களும்

அபார்த் தன் முதல் புகைபோக்கிகளை விற்றபோது ஐரோப்பாவில் பொதுவான ஒலி வரம்பு இல்லை. 1970இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் பயணிகள் காருக்கு 82 டெசிபெல் என வரம்பிட்டது. அது படிப்படியாகக் குறைந்து, 1990களின் நடுவில் 74 டெசிபெல் ஆயிற்று. 2014ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி அதை மேலும் குறைத்து, பெரும்பாலான கார்களுக்கு 68 டெசிபெல் என்ற இலக்கை வைத்தது. அளவிடும் முறை இடையில் மாறியதால் இவ்வெண்களை நேருக்குநேர் ஒப்பிட இயலாது. போக்கு மட்டும் தெளிவானது.

1992–93இல் நடைமுறைக்கு வந்த யூரோ 1 விதி, பெட்ரோல் கார்களில் வினையூக்கி மாற்றியைத் தவிர்க்க முடியாததாக்கியது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் பூசிய தேன்கூடு போன்ற அடுக்கு அது. கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன்கள், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும் அது பெருமளவு தீங்கு குறைந்த பொருள்களாக மாற்றுகிறது. அதைக் கழற்றி நேர்க்குழாய் வைத்தால் சில குதிரைத்திறன் கிடைக்கலாம். ஆனால் அந்தக் காரின் நச்சு முழுவதும் தெருவிலுள்ளோரின் மூச்சுக்குள் போகும். அபார்த்தின் ஊரான துரின் அமைந்துள்ள போ ஆற்றுச் சமவெளி, ஐரோப்பாவிலேயே காற்று மிகவும் மாசுபட்ட பகுதிகளுள் ஒன்று. மலைகள் சூழ்ந்த அச்சமவெளியில் குளிர்காலத்தில் புகை கலையாமல் தேங்கி நிற்கும். வினையூக்கியைக் கழற்றுவது தனிமனிதர் விருப்பமாக நின்றுவிடாது என்பதற்கு அந்நகரமே சான்று.

மீண்டும் ஒரு சிறிய கார்

2007இல் ஃபியட் அபார்த் பெயருக்குத் தனி நிறுவனமாக மறுவாழ்வு அளித்தது. மறு ஆண்டு ஜெனீவா கண்காட்சியில் அபார்த் 500 வெளியாயிற்று. அதன் இன்ஜின் 1,368 கன செ.மீ. கொள்ளளவும் டர்போவும் கொண்டு 135 குதிரைத்திறன் தந்தது. "எஸ்ஸெஎஸ்ஸெ" என்ற மேம்பாட்டுத் தொகுப்பைப் பொருத்தினால் திறன் 160 ஆகும். அத்தொகுப்பின் அடிப்படை, கணினிக்கான புதிய அமைப்பும் தடை குறைந்த காற்று வடிகட்டியுமே.

பின்னர் இக்கார்களுக்கு "ரெக்கார்ட் மோன்சா" என்ற புகைபோக்கி வந்தது. அது வினையூக்கிக்குப் பின்னால் அமைவது. குறைந்த வேகத்தில் வாயு சைலன்சரின் நீண்ட பாதை வழியே செல்லும். வாயுவின் அழுத்தம் கூடியதும் உள்ளிருக்கும் வால்வு திறந்து, குறுக்குப்பாதை வழியே உரத்த ஓசையுடன் வெளியேறும். தயாரிப்பாளரே சட்ட ஒப்புதலுடன் விற்ற இப்பொருளின் முதன்மைப் பயன் ஓசையே. 1950களில் வேகத்துக்காக வாங்கப்பட்ட பொருள், டர்போ காலத்தில் குரலுக்காக வாங்கப்படும் பொருளாயிற்று எனலாம்.

தேர்வுக்கான பாடங்கள்

நோக்கம்: வேண்டியது ஓசையா, திறனா என்பதை முதலில் தீர்மானிக்கவேண்டும். ஓசை மட்டும் போதுமென்றால் வினையூக்கிக்குப் பின்னுள்ள பகுதியை மாற்றினால் போதும். திறன் வேண்டுமென்றால் இறங்கு குழாய், ஒப்புதல் பெற்ற வினையூக்கி, கணினி அமைப்பு ஆகிய மூன்றையும் சேர்த்தே செலவைக் கணக்கிடவேண்டும்.

விட்டம்: குழாயின் பரப்பு விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். 50 மி.மீ. குழாயை 60 மி.மீ. ஆக்கினால் பரப்பு 44 விழுக்காடு கூடுகிறது. 1.4 லிட்டர் டர்போ இன்ஜினுக்கு ஏறத்தாழ 60 மி.மீ. போதுமானது. அதற்குமேல் அகன்றால் எடையும் இரைச்சலும் கூடும், பயன் சிறிதே. வளைவுகளில் குழாய் நசுங்கியிருந்தால் அகன்ற குழாய் வாங்கியதே வீண்.

முரலும் ஓசை: நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்புகள். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 100 வெடிப்புகள். இந்த அதிர்வெண்ணில் காரின் உட்கூடு ஒத்ததிர்ந்தால், நெடுஞ்சாலைப் பயணம் முழுவதும் காது முரலும். கடை வாசலில் ஆக்சிலரேட்டரை மிதித்துக் கேட்பதால் இது தெரியாது. அதே புகைபோக்கி பொருத்திய காரில் சீரான வேகத்தில் சென்று பார்க்கவேண்டும்.

உலோகம்: சாதாரண எஃகு விலை குறைவு, விரைவில் துருப்பிடிக்கும். 304 வகைத் துருவேறா எஃகு நீண்டகாலம் உழைக்கும். டைட்டானியம் எஃகைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு எடை குறைந்தது. விலை மிக அதிகம்.

ஒப்புதல்: ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்ற புகைபோக்கியில் ஆங்கில 'ஈ' எழுத்தும், ஒப்புதல் தந்த நாட்டின் எண்ணும் வட்டத்துக்குள் பொறிக்கப்பட்டிருக்கும். ஜெர்மனிக்கு எண் 1, இத்தாலிக்கு 3. ஒப்புதல் குறிப்பிட்ட கார் வகைக்கே உரியது என்பதால் சான்றிதழையும் கேட்டுப் பெறவேண்டும்.

இந்தியாவில்

2015இல் அபார்த் 595 இந்தியாவில் இறக்குமதியாகி விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் புனே அருகிலுள்ள ரஞ்சன்காவ் ஆலையில் 145 குதிரைத்திறன் கொண்ட அபார்த் புன்டோ தயாராயிற்று. இரண்டும் சில ஆண்டுகளே சந்தையில் இருந்தன. இந்தியாவில் புகைபோக்கியை மாற்ற நினைப்போர் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை அறிந்திருக்கவேண்டும். தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வாகனம் வேறுபடும்படி மாற்றுவதை அது தடைசெய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. எனவே வாகனத் தயாரிப்பாளரே வழங்கும் ஒப்புதல் பெற்ற பாகமே பாதுகாப்பான வழி.

இன்றைய நிலை

2022இன் இறுதியில் அபார்த் 500இ என்ற மின்சாரக் கார் அறிவிக்கப்பட்டது. அதில் எரிதல் இல்லை, புகை இல்லை, புகைபோக்கியும் இல்லை. ஆயினும் பெட்ரோல் அபார்த்தின் உறுமலை ஒலிபெருக்கி வழியே வெளியே கேட்கச்செய்யும் கருவி ஒன்று அதில் இணைக்கப்பட்டுள்ளது. வேண்டாதபோது அதை நிறுத்திவைக்கலாம். புகைபோக்கி விற்று வளர்ந்த நிறுவனம், புகைபோக்கி இல்லாத காரிலும் அதன் ஓசையை விடவில்லை. சிறிய டர்போ காருக்குப் புகைபோக்கி தேடுவோர் இதை எண்ணிப் பார்க்கலாம். அவர்கள் விலை கொடுத்து வாங்குவது பெரும்பாலும் ஓசையைத்தான். அதற்காக வினையூக்கியைக் கழற்றவேண்டிய தேவை எதுவும் இல்லை.