பத்து நாட் கெடுவும் மட்டக்களப்பு வாவியும்

மட்டக்களப்பு வாவி தென்வடலாக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. ஞாயிறு எழும் கடற்புறத்தை எழுவான்கரை என்றும், அது படும் மேற்குப் புறத்தைப் படுவான்கரை என்றும் அந்நாட்டார் வழங்குவர். பரந்த நெல்வயல்கள் படுவான்கரையில் உள்ளன. கோட்டையும் நீதிமன்றமும் அமைந்ததோ நீர் சூழ்ந்த புளியந்தீவில். ஆதலின் படுவான்கரை வயலைப் பற்றி வழக்கு எழுந்தால், வழக்காளியும் எதிராளியும் நீரைக் கடந்தே நீதி கேட்கச் செல்ல வேண்டியிருந்தது. 1924ஆம் ஆண்டில் கல்லடிப் பாலம் அமையும்வரை கிழக்குக் கரையின் கல்லடிப் பக்கத்தாரும் ஓடத்தையே நம்பியிருந்தனர்.

காணி வழக்குகளுக்கு அந்நாட்டில் ஒருபோதும் குறைவில்லை. தாய்வழியே உரிமை இறங்கும் முக்குவர் வழமை அங்கே நெடுங்காலம் நிலவியது. கிறிஸ்தோபர் பிறிற்றோ அவ்வழமையை ஆராய்ந்து 1876இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் பிறந்த 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவ்வழமையின் இடத்தில் உரோமன்-டச்சுச் சட்ட நெறியை அமர்த்தியது. பழைய முறையில் மருமகனுக்கு உரியதெனக் கருதப்பட்ட வயல், புதிய முறையில் மகனுக்கு உரியதாயிற்று. ஒரே வயலில் சீதனப் பங்கும் முதுசப் பங்கும் பின்னிக் கிடந்தன. இத்தகைய வழக்குகளில் மாவட்ட நீதிபதியின் தீர்ப்பே கடைசிச் சொல்லாகிவிடாதபடி காத்தது மேன்முறையீட்டு உரிமை. அவ்வுரிமைக்கோ ஒரு நாட்கணக்கு இருந்தது.

1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை எதிர்ப்பவருக்குப் பத்து நாள் தந்தது. தீர்ப்புச் சொன்ன நாளும், மனுக் கொடுக்கும் நாளும், ஞாயிற்றுக்கிழமைகளும், பொது விடுமுறைகளும் அக்கணக்கில் சேரா. புதன்கிழமை தீர்ப்பானால், இடையில் வேறு விடுமுறை இல்லையெனின், அடுத்ததற்கு அடுத்த செவ்வாய்க்கிழமைவரை மனுவைக் கொடுக்கலாம். புதன்கிழமை கொடுத்தால் நீதிமன்றம் அதனை ஏற்க மறுக்க வேண்டும் என்பதே சட்டத்தின் கட்டளை.

ஏட்டில் பார்க்கும்போது இது போதுமான காலமே. மேன்முறையீடு கேட்கும் உயர் நீதிமன்றம் கொழும்பில் இருந்தபோதிலும், மனுவைத் தீர்ப்பளித்த நீதிமன்றத்திலேயே கொடுத்தால் போதும் என்று சட்டம் வகுத்திருந்தது. புகையிரதம் மட்டக்களப்பை வந்தடைந்தது 1928இல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் அருமை விளங்கும். எனினும் அப்பத்து நாளுக்குள் செய்யவேண்டியவை பல. தீர்ப்போ ஆங்கிலத்தில் இருக்கும். அதன் பொருளைப் பிரக்கிராசி எடுத்துச் சொல்ல வேண்டும். மேன்முறையிடுவதா, விடுவதா என்று பங்காளிகள் கூடி முடிவு செய்ய வேண்டும். முத்திரைக்கும் கூலிக்கும் பணம் தேட வேண்டும். அறுவடைக்கு முந்திய மாதங்களில் உழவன் கையில் பணம் ஏது? இவற்றுக்கிடையே எத்தனை முறை துறை கடக்க நேரும் என்பதைச் சட்டக்கோவை எண்ணவில்லை.

சட்டத்தை இயற்றியோர் ஏழையை முற்றிலும் மறந்துவிட்டனர் என்று சொல்வதும் நியாயமாகாது. மேன்முறையீட்டு மனுவை வழக்கறிஞரோ பிரக்கிராசியோ எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்ற அதே 755ஆம் பிரிவு, ஒரு புறநடையையும் வைத்தது. கட்சிக்காரன் உரிய முத்திரையுடன் கெடுவுக்குள் வந்து, தன் குறையை வாயால் சொல்லலாம். நீதிமன்றச் செயலாளரோ தலைமை எழுதுவினைஞரோ அதனை மனுவாக எழுதிக்கொள்ள வேண்டும். எழுத்தறியா உழவனின் சொல்லும் உயர் நீதிமன்றத்தின் செவிக்கு எட்ட இதனால் வழி பிறந்தது.

ஆயினும் மனு ஏற்கப்பட்டதோடு பாடு முடிந்துவிடவில்லை. உடனடியாக எதிர்க்கட்சிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். தீர்ப்பிலிருந்து இருபது நாளுக்குள், முன்சொன்ன கணக்குப்படியே, எதிர்க்கட்சியின் செலவுக்குப் பிணை வைக்க வேண்டும். இப்படிகளில் ஒன்று தவறினும் மேன்முறையீடு விழுந்துவிடும். வழக்கின் நியாயத்தைப் பற்றிய பேச்சே எழாமல், அறிவித்தலில் நேர்ந்த பிழையால் காணி கைமாறலாம். இக்கடுமையைத் தணிக்க 1921ஆம் ஆண்டில் ஒரு திருத்தம் வந்தது. எதிர்க்கட்சிக்குப் பெருந் தீங்கு நேரவில்லையெனில், அறிவித்தலிலும் பிணையிலும் நேர்ந்த தவறை உயர் நீதிமன்றம் மன்னிக்கலாம் என்றது அது. மனுவே பிந்தியிருந்தால் அத்திருத்தம் உதவாது.

இனி வாவிக்கு வருவோம். மாரி காலத்தில் வடகீழ்ப் பருவமழை பொழிந்து, ஆறுகள் பெருகி, வாவி கரை புரளும். ஒருவனுடைய பத்து நாளில் ஆறு நாள் துறையில் ஓடம் ஓடவில்லை என வைத்துக்கொள்வோம். கடைசி நாளில் நீதிமன்றம் பூட்டிக் கிடந்தால் கவலையில்லை. அது திறக்கும் அடுத்த நாளில் மனுக் கொடுக்கலாம் என்று 1901ஆம் ஆண்டின் பொருள்கோடற் கட்டளைச் சட்டம் கூறுகிறது. ஆனால் நீதிமன்றக் கதவு திறந்திருக்க, துறைதான் அடைபட்டிருந்தால்?

அதற்கும் 765ஆம் பிரிவில் விடை இருந்தது. தன் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் தடையுற்றவனின் பிந்திய மனுவை உயர் நீதிமன்றம் ஏற்கலாம். மேன்முறையீட்டுக்கு நல்ல ஆதாரம் உண்டு என்பதும் அதற்குத் தோன்ற வேண்டும். இவற்றோடு மூன்றாவது நிபந்தனை ஒன்றும் உண்டு: தீர்ப்பின் பின், அதனைக் குலைப்பது வென்றவனுக்கு அநீதியாகும்படி எதுவும் நிகழ்ந்திருக்கக் கூடாது. இந்த மூன்றாவதிலேதான் வயல்நாட்டின் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. வென்றவன் கெடு முடிந்ததென நம்பி, கடன்பட்டு விதைத்துவிட்டான். தோற்றவனோ வெள்ளம் வடிந்தபின் வந்து நிற்கிறான். இருவரிலும் குற்றவாளி எவனுமில்லை. கெடு என்பது தோற்றவனை விரட்டுவதற்கு மட்டும் வந்ததன்று. வென்றவன் அச்சமின்றி ஏர் பூட்டுவதற்கும் அது வேண்டும்.

இந்தச் சலுகையை வழங்கும் அதிகாரம் மாவட்ட நீதிபதியிடம் இல்லை. உயர் நீதிமன்றத்துக்கே சத்தியக்கடதாசியோடு விண்ணப்பிக்க வேண்டும். வாவியைக் கடக்க இயலாதிருந்தவன், அக்காரணத்தை மெய்ப்பிக்கக் கொழும்புக்கு வழி தேட வேண்டியதாயிற்று!

1977ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இம்முறையை இரண்டாகப் பிரித்தது. மேன்முறையிடும் எண்ணத்தை 14 நாளுக்குள் அறிவித்தலாகக் கொடுத்தால் போதும்; காரணங்களை விரித்துரைக்கும் மனுவுக்குத் தீர்ப்பிலிருந்து 60 நாள் உண்டு. வென்றவன் விரைவில் நிலைமையை அறிகிறான். தோற்றவன் ஆராய்ந்து எழுத அவகாசம் பெறுகிறான். பழைய பத்து நாளோடு ஒப்பிட இது நல்ல ஏற்பாடே. மறு ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது, புதிய கெடுக்கள் நடைமுறைக்கு வந்து நெடுநாள் ஆகியிருக்கவில்லை.

பின்னர் வந்த போர்க்காலத்தில் தடையாக நின்றது வெள்ளம் மட்டுமன்று. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், ஆயுதக் குழுக்களின் செயல்களால் நீதிமன்றம் செல்ல இயலாதிருந்தோர் தம் காணியை மீட்கத் தொடுக்கும் வழக்குகளில், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் காலவரையறைக் கணக்கிலிருந்து நீக்கியது. அது வழக்குத் தொடுக்கும் கெடுவைப் பற்றியது; மேன்முறையீட்டைப் பற்றியதன்று. எனினும் 765ஆம் பிரிவில் தனியொருவன் மெய்ப்பிக்க வேண்டியிருந்த தடையை, இங்கே சட்டமன்றமே ஒரு காலம் முழுவதற்கும் ஒப்புக்கொண்டது.

மண்முனைத்துறையில் 2014ஆம் ஆண்டில் பாலம் திறக்கப்பட்டது. கொழும்பின் தூரமும் ஓரளவு குறைந்தது: மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புகளின் மீதான குடியியல் மேன்முறையீடுகளை மாகாண மேல் நீதிமன்றங்கள் கேட்க 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. 1977இன் கணக்கில் ஒரு நுட்பம் மட்டும் கவனிக்கத்தக்கது. 14 நாள் அறிவித்தலுக்கு ஞாயிறும் பொது விடுமுறையும் பழையபடி கழிக்கப்படும். 60 நாள் மனுவுக்கு அவ்வாறு கழிக்கும்படி சட்டம் சொல்லவில்லை. முன்னதன் பழக்கத்தில் பின்னதை எண்ணியவன், பாலத்தின் மேல் நடந்து வந்தும் பிந்திவிடுவான்.