அலெக்சாந்தர் கலாமின் ஆல்ப்ஸ் கல்லச்சுகள்

சுவிஸ் ஓவியர் அலெக்சாந்தர் கலாம் (1810–1864) ஆல்ப்ஸ் மலைக்காட்சிகளைக் கல்லச்சு (லித்தோகிராஃப்) முறையில் வரைந்து வெளியிட்ட படங்கள் இவை. ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் பலவற்றின் அச்சோவியப் பிரிவுகளில் இவற்றைக் காணலாம்.

வெவே நகரில் ஒரு கல்தச்சரின் மகனாகப் பிறந்த கலாம், சிறுவயதிலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். தந்தை இறந்தபின் ஜெனீவாவில் ஒரு வங்கியாளரிடம் வேலை பார்த்தார். அவருடைய உதவியால் 1829இல் பிரான்சுவா திதேயிடம் ஓவியம் பயிலத் தொடங்கினார். 1839இல் வரைந்த ‘ஹாண்டெக்கில் புயல்’ என்னும் எண்ணெய் ஓவியம் அவருக்குப் பெரும் பெயர் தேடித் தந்தது. அது இன்று ஜெனீவா கலை, வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

எண்ணெய் ஓவியம் ஒரு சுவரில்தான் தொங்கும். கல்லச்சோ நூற்றுக்கணக்கான கைகளுக்குப் போகும். அலோய்ஸ் செனஃபெல்டர் 1790களின் இறுதியில் கண்டறிந்த இம்முறையில் செதுக்கும் வேலையே இல்லை. வழவழப்பாகத் தேய்த்து, பின் மணலால் நுண்ணிய சொரசொரப்பு ஏற்றிய சுண்ணாம்புக்கல்லில், கொழுப்புச் சேர்ந்த கோலால் ஓவியர் நேரடியாக வரைவார். கோந்தும் சிறிது அமிலமும் பூசிய பின் கல்லை நனைத்து மையை உருட்டினால், ஈரமான வெற்றிடம் மையைத் தள்ளிவிடும், கோடுகள் மட்டும் பற்றிக்கொள்ளும். படம் இடவலம் மாறியே அச்சாகும். ஆகவே ஊரறிந்த ஒரு சிகரத்தைக் காட்ட வேண்டுமானால், கல்லில் அதைத் திருப்பி வரைந்தாக வேண்டும்.

கலாமுக்கு இம்முறை மிகவும் பொருந்தியது என்றே சொல்ல வேண்டும். கல்லின் சொரசொரப்பில் கோல் உரசும்போது விழும் புள்ளிகள், பாறையின் மேனியையும் பைன் மரப்பட்டையின் வெடிப்பையும் தாமே கொண்டுவருகின்றன. காற்றில் முறிந்த மரம், நுரைத்து இறங்கும் ஓடை, மேகம் கவிந்த கணவாய் ஆகியவற்றையே அவர் மீண்டும் மீண்டும் வரைந்தார். மனிதர்கள் அரிது, இருந்தாலும் மிகச் சிறியவர்கள். இவ்வகைப் படங்களில் சில இரண்டு கற்களால் அச்சிடப்படுவதுண்டு: முதற்கல் கறுப்புக் கோட்டையும், மற்றது வெளிர்மஞ்சள் சாயலையும் தரும். சாயல் கல்லில் சுரண்டிய இடத்தில் காகிதத்தின் வெண்மை தெரியும். பனிச்சிகரத்தின் ஒளி பெரும்பாலும் அந்த வெறுங்காகிதம்தான்.

இவரது அச்சுப்படங்கள் ஓவிய மாணவர்கள் பார்த்து வரையும் மாதிரிகளாகப் பல நாடுகளுக்கும் பரவின. ரஷ்ய நிலக்காட்சி ஓவியர் இவான் ஷிஷ்கினின் தொடக்கக்காலப் படங்களிலும் கலாமின் சாயல் உண்டு.

காகிதம் ஒளியில் பழுக்கும், ஈரத்தில் பழுப்புப் புள்ளி காணும். ஆகவே அருங்காட்சியகங்கள் இத்தகைய தாள்களை இருண்ட பெட்டிகளில் வைத்து, சில மாதங்களுக்கு மட்டும், ஏறத்தாழ 50 லக்ஸ் அளவுள்ள மங்கிய வெளிச்சத்தில் காட்சிக்கு எடுக்கின்றன.