இல்லத்துப் பதிவும் வரலாற்றுச் சான்றும்

ஒளிபரப்பு, நிகழ்ந்த அளவிலே மறையும் இயல்பினது. நிலையத்தாரே அதனைக் காத்து வைப்பர் எனின், அற்றன்று. பிரித்தானியாவின் பி.பி.சி. நிலையத்தார் 1960, 1970களில் ஒளிநாடாக்களை மீளப் பயன்படுத்தற்பொருட்டுப் பல நிகழ்ச்சிகளை அழித்தனர்.

1975இல் சோனி நிறுவனத்தார் வெளியிட்ட பீட்டாமாக்சு கருவி, இல்லத்தில் பதியும் வாய்ப்பினை மக்கட்கு நல்கிற்று. இதனை எதிர்த்துத் திரைப்பட நிறுவனத்தார் 1976இல் வழக்குத் தொடுத்தனர். கட்டணமின்றி வான்வழி வரும் ஒளிபரப்பினைப் பின்னர்க் காணும்பொருட்டு வீட்டிற் பதிதல் முறையே என, 1984இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்ற அளவில் தீர்ப்பளித்தது.

இவ்வகைப் பதிவின் பயனுக்குச் சான்றாவார், பிலடெல்பியா நகரில் வாழ்ந்த மேரியன் சுடோக்சு அம்மையார். முன்னர் நூலகப் பணியாற்றிய இவர், 1979இல் ஈரானில் அமெரிக்கர் பிணைப்பட்ட காலந்தொட்டு 2012இல் தாம் மறையுங்காறும், சி.என்.என். முதலிய கேபிள் செய்திகளையும் இரவும் பகலும் பதிந்தார். அவர்தம் நாடாக்கள் ஏறத்தாழ 70,000; அவை 2013இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனத்தைச் சேர்ந்தன.

அவர் யாதொன்றையும் வெட்டினாரல்லர். விளம்பரமும், பின்னர்த் திருத்தப்பெற்ற முதற்செய்தியும் அவற்றுள் அவ்வாறே உள. தொகுப்போர் வேண்டாவெனக் களைவன இவையே. வரலாற்றாசிரியர் தேடுவனவும் இவையே. ஆதலின் தொகுப்புப்பணி படியின்மேல் நிகழ்தல் வேண்டும். முதற்பதிவு சிதையாது நிற்றல் வேண்டும் என்க.