வைரஸ் காய்ச்சலை பெண்கள் உடல் நல்லா தாங்குமா? கர்ப்பிணிகளுக்கு மட்டும் ஏன் ஆபத்து?

மழை சீசன் வந்தாலே அரூர் சுற்றுவட்டாரத்தில் காய்ச்சல் பேச்சுதான். "ஆம்பளைங்க ஒரே நாள்ல படுத்துடுறாங்க, பொம்பளைங்க தாங்கிக்கிறாங்க" என்ற பேச்சும் கூடவே வரும். இதில் பாதி உண்மை இருக்கு. ஆனால் அதை நம்பி கர்ப்பிணிகள் வீட்டிலேயே இருந்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். ஏன் அப்படி?

கொரோனா காட்டிய வித்தியாசம்

2020 அக்டோபரில் மத்திய சுகாதாரத்துறை சொன்ன கணக்குப்படி, இந்தியாவில் கொரோனாவால் இறந்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் ஆண்கள். புகைப்பழக்கம், இதய நோய் போன்றவையும் இதற்குக் காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. ஹார்மோனுக்கும் இதில் பங்கு உண்டு.

ஈஸ்ட்ரோஜன் என்ன செய்யுது?

பெண்களின் முக்கிய ஹார்மோன் ஈஸ்ட்ரோஜன். வைரஸ் நுழைந்ததும் உடல் முதலில் சுரக்கும் புரதம் இன்டர்ஃபெரான். பக்கத்து செல்களுக்கு 'வைரஸ் வந்துடுச்சு' என்று எச்சரிக்கை கொடுப்பது இதுதான். ஈஸ்ட்ரோஜன் இந்த இன்டர்ஃபெரான் சுரப்பை அதிகமாக்குகிறது.

இன்னொரு காரணம் குரோமோசோம். வைரஸை அடையாளம் காணும் டிஎல்ஆர்7 என்ற மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்களுக்கு எக்ஸ் ஒன்று, பெண்களுக்கு இரண்டு.

அதனால்தான் ஃப்ளூ தடுப்பூசி போட்டால் பெண்களுக்கு ஆன்டிபாடி பொதுவாக அதிகம் உருவாகிறது. ஆண்களின் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் எதிர்ப்பு சக்தியை கொஞ்சம் அடக்கி வைக்கும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. எதிர்ப்பு சக்தி சொந்த உடலையே தாக்கும் லூபஸ் நோய் வருபவர்களில் 10-ல் 9 பேர் பெண்கள். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால், வைரஸுக்கு எதிரான இந்த சாதகமும் குறையத் தொடங்கும்.

கர்ப்பத்தில் என்ன மாறுது?

வயிற்றில் வளரும் குழந்தையின் மரபணுவில் பாதி அப்பாவுடையது. அதை 'வெளி ஆள்' என்று தாயின் உடல் தாக்கிவிடக் கூடாது. அதனால் புரோஜெஸ்ட்ரான் உள்ளிட்ட ஹார்மோன்கள் எதிர்ப்பு சக்தியின் ஒரு பகுதியை அடக்கி வைக்கின்றன. வைரஸ் தாக்கிய செல்களை அழிக்கும் பகுதியும் அதில் அடக்கம். கூடவே வளரும் கருப்பை நுரையீரலுக்கான இடத்தைக் குறைக்கும், இதயத்துக்கும் வேலை கூடும்.

விளைவு பெரியது. 2009 பன்றிக்காய்ச்சலின்போது அமெரிக்க மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் சுமார் 1 சதவீதம்தான். ஆனால் இறந்தவர்களில் அவர்கள் சுமார் 5 சதவீதம்.

அசுத்தமான தண்ணீரால் பரவும் ஹெபடைட்டிஸ் இ மஞ்சள் காமாலை இன்னும் மோசம். கடைசி மூன்று மாதத்தில் இது வந்தால், கர்ப்பிணிகளில் 20 முதல் 25 சதவீதம் பேர் வரை இறக்கலாம் என்கிறது உலக சுகாதார அமைப்பு.

கொரோனாவிலும் கர்ப்பிணிகளுக்கு பாதிப்பு தீவிரமாகும் அபாயம் அதிகம் என்று தெரிந்ததால்தான், 2021 ஜூலை 2-ம் தேதி அவர்களுக்கும் தடுப்பூசி போட மத்திய அரசு அனுமதி கொடுத்தது.

கர்ப்பிணிகள் என்ன செய்யணும்?

* காய்ச்சல் வந்தால் 'ரெண்டு நாள் பார்ப்போம்' என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரூர் அரசு மருத்துவமனைக்கோ போங்க. சித்தேரி போன்ற மலைக் கிராமங்களில் இருந்து இறங்கி வரவே நேரமாகும் என்பதால் அங்கே தாமதம் கூடவே கூடாது.
* மூச்சுத்திணறல், ரத்தக்கசிவு, விடாத வாந்தி, கண் மஞ்சளாவது, குழந்தையின் அசைவு குறைவது - இதில் எது இருந்தாலும் உடனே 108-ஐ கூப்பிடுங்க. மருத்துவ ஆலோசனைக்கு 104.
* மெடிக்கல் ஷாப்பில் சொந்தமாக வலி மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் ரத்தக்கசிவை அதிகமாக்கும்.
* தண்ணீரை நல்லா கொதிக்க வைத்து ஆறிய பிறகு குடிங்க.
* ஊசியாகப் போடும் ஃப்ளூ தடுப்பூசியை கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. டாக்டரிடம் கேளுங்க.

எதிர்ப்பு சக்திக்காக ஹார்மோன் மாத்திரை சாப்பிடலாமா என்றால், கூடாது. அதற்கான சிகிச்சை அதுவல்ல. பெண் உடலுக்கு இயற்கையாகவே கொஞ்சம் கூடுதல் பாதுகாப்பு இருப்பது உண்மைதான். ஆனால் கர்ப்ப காலத்தில் அதை நம்பி காய்ச்சலோடு வீட்டில் இருந்துவிடாதீங்க.