திப்புவின் புலியும் குழந்தையின் பொம்மையும்

மரத்துக்கு அசைவூட்டும் வித்தை எளியது. கையாற் சுழற்ற ஒரு பிடி, அதனோடு திரும்பும் ஓர் அச்சு, அச்சின் சுழற்சியை ஏற்ற இறக்கமாக மாற்றும் ஒரு கோல், இவை போதும். நம் நாட்டில் இவ்வித்தைக்குப் புகழ்பெற்ற சான்று, மைசூரை ஆண்ட திப்பு சுல்தானுக்காகப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் செய்யப்பெற்ற மரப்புலியாகும்.

மல்லாந்து கிடக்கும் ஐரோப்பியன் ஒருவனைக் கவ்வி நிற்கும் அப்புலி, ஏறத்தாழ 172 சென்டிமீட்டர் நீளமுடையது. பக்கவாட்டிலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளே துருத்திகள் இயங்கும். ஒரு துருத்தியின் காற்று மனிதனின் ஓலமாகவும், மற்றொன்றின் காற்று புலியின் உறுமலாகவும் வெளிப்படும். அதே சுழற்சியால் அம்மனிதனின் இடக்கை எழுந்து தாழும். புலியின் விலாவுக்குள் 18 கட்டைகள் கொண்ட சிறிய ஆர்கன் ஒன்றும் உண்டு.

1799-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தது. திப்பு போரில் மாண்டார். புலி லண்டனுக்குச் சென்றது. 1808 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மாளிகையில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. ஆங்கிலேயர்மீது மன்னர் கொண்ட பகையின் உருவம், லண்டன் மக்களின் வேடிக்கைப் பொருளாயிற்று. வந்தவரெல்லாம் கைப்பிடியைச் சுழற்ற, அங்கிருந்த நூலகத்திற் படிப்போர் அந்த ஓயாத ஓலத்தால் வருந்தினர். நாளடைவிற் கைப்பிடியே காணாமற்போயிற்று! இரண்டாம் உலகப் போரின்போது சிதைவுற்றுச் செப்பனிடப்பெற்ற அப்புலி, இன்று விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது.

திப்புவின் புலியில் இயக்கம் மறைக்கப்பட்டிருந்தது. காண்போரை வியப்பிலும் அச்சத்திலும் ஆழ்த்துவதே அதன் நோக்கம். குழந்தைக்கான பொம்மையிலோ இயக்கம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நடுவினின்று சற்றே விலகித் துளையிட்ட ஒரு வட்டினை அச்சிற் கோத்து, அதன்மேல் ஒரு கோலை நிறுத்துங்கள். கைப்பிடியைச் சுற்றச் சுற்றக் கோல் ஏறி இறங்கும். கோலின் உச்சியிலுள்ள மரப்பறவை எழும்பித் தாழும். பக்கப்பலகை இல்லாவிட்டால், பறவை ஏன் எழும்புகிறது என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும்.

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீரங்கப்பட்டினத்துக்கு முன்னரே சென்னபட்டணம் வருகிறது. அங்கே வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும்போதே வண்ண அரக்கை அழுத்திப் பூசிப் பொம்மை செய்கின்றனர். அவ்வழிச் செல்லும் தமிழன்பர்கள் தம் மக்களைக் கடைசல் பட்டறைக்குள் அழைத்துச் சென்று காட்டலாம். பொம்மை கையிற் கிடைப்பது ஒரு மகிழ்ச்சி. அது உருவாகும் விதத்தை அறிவது அதனினும் நெடுநாள் நிற்கும் மகிழ்ச்சி.