இசைத்தட்டின் மறுபக்கம்

1960-களின் பிற்பகுதியில் மேலைநாட்டு இளைஞர்கள் இசைத்த 'பாப்', 'ராக்' சங்கீதத்தைப் பற்றி நம் வீட்டுப் பெரியோர் பலர் வழங்கிய தீர்ப்பு ஒன்றே: "வெறும் இரைச்சல்!" அத்தீர்ப்பு முற்றும் பிழையென்று வாதாட நான் வரவில்லை. இரைச்சலும் இருந்தது, ஆரவாரமும் இருந்தது. ஆயினும், அவ்விசையின் மறுபக்கத்தில் அடக்கமும் இருந்தது. அதற்குச் சான்றாக ஒரு சிறு இசைத்தட்டின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

உலகப் புகழ் பெற்ற 'பீட்டில்ஸ்' குழுவினர் நால்வருள் இளையவர் ஜார்ஜ் ஹாரிசன். 1965-இல் வெளிவந்த பாடலொன்றில் அவர் சிதாரை மீட்டினார். அதில் புதிய ஓசையின் கவர்ச்சி இருந்ததேயன்றித் தேர்ந்த பயிற்சி இல்லை. மறு ஆண்டு பண்டித ரவிசங்கரைச் சந்தித்த பின்னரே, தாம் அறியாதது எவ்வளவு என்று அவர் உணர்ந்தார். 1966 செப்டம்பரில், 23 வயதில், புகழின் உச்சியில் இருந்தவர், பம்பாய்க்கு வந்து, குருவின்முன் மாணாக்கராய் அமர்ந்து அடிப்படைப் பாடங்களைப் பயின்றார்.

1968 ஜனவரியில் அவர் மீண்டும் பம்பாய் வந்தார். திரைப்படமொன்றுக்கான இசையை ஹெச்.எம்.வி. ஒலிப்பதிவுக்கூடத்தில் நம் நாட்டுக் கலைஞரைக் கொண்டு பதிவுசெய்வதே நோக்கம். அங்கே போதிய கருவி இல்லாமையால், கிராமபோன் கம்பெனியின் பாஸ்கர் மேனன் கல்கத்தாவிலிருந்து ஓர் ஒலிப்பதிவு இயந்திரத்தை ரயிலில் கொண்டுவந்து சேர்த்தாராம். தெருவில் செல்லும் டாக்சிகளின் ஓசையும் பதிவில் புகுந்தது. மாலை ஐந்தரை மணிக்கு அலுவலகங்கள் கலைந்து, மக்கள் மாடிப்படிகளில் தடதடவென்று இறங்கும்போதெல்லாம் பதிவை நிறுத்த நேர்ந்ததென்று ஹாரிசனே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

அந்நாளில் பம்பாய் அலுவலகங்களில் எழுத்தர்களாகவும் சுருக்கெழுத்தாளர்களாகவும் பணியாற்றிய தமிழர் மிகப் பலர். மாதுங்காவுக்கு ரயிலேற விரைந்த நம்மவர் சிலரின் காலடியோசைக்கும் அந்த இசை காத்து நின்றிருக்கக்கூடும் அல்லவா?

அந்நாட்களிலேயே ஷெனாய், சரோத், புல்லாங்குழல், பக்வாஜ் முதலியவற்றைக் கொண்டு 'தி இன்னர் லைட்' என்ற பாடலுக்குரிய வாத்திய இசையும் உருப்பெற்றது. அதன் கருத்து சீன ஞானநூலான 'தாவோ தே ஜிங்'கிலிருந்து எடுக்கப்பட்டது. அந்நூலைச் சுட்டிக்காட்டியவர், பகவத்கீதையை ஆங்கிலத்தில் பெயர்த்த வடமொழி அறிஞர் ஹுவான் மாஸ்கரோ. வீட்டு வாயிலைக் கடவாமலே உலகை அறியலாம் என்பது அதன் சாரம். பிப்ரவரியில் லண்டனில் குரல் சேர்க்கப்பட்டு, மார்ச்சில் பாடல் வெளிவந்தது. தட்டின் முதற்பக்கத்தில் வேறொரு துள்ளலான பாட்டு. இது மறுபக்கத்தில் அமைந்தது. அதன்மேல் ஒட்டிய வட்டக் காகிதத்தில் 'பீட்டில்ஸ்' என்ற பெயர் இருந்தது. வாசித்த இந்தியக் கலைஞர் ஒருவர் பெயரும் இல்லை. அவ்வாண்டு இறுதியில் வந்த திரைப்பட இசைத்தட்டின் உறையில்தான் அக்கலைஞர் பலர் பெயர் பெற்றனர்.

இளமை முதல் முழு வாழ்வையும் ஈந்தாலன்றிச் சிதார் வசப்படாது என்று தெளிந்த ஹாரிசன், சில ஆண்டுகளில் கிதாருக்கே திரும்பினார். அது தோல்வியன்று; ஒரு கலையின் ஆழத்தை அறிந்தவர் அதற்குச் செலுத்திய மரியாதை. குருவிடம் கொண்ட அன்போ, 2001-இல் அவர் மறையும்வரை குன்றவில்லை.

நேயர்களே, பிழைப்பைத் தேடி வீட்டு வாயிலைக் கடந்து வந்தவர்கள் நாம். வாயிலைக் கடவாமலே உலகை அறியலாம் என்னும் பாட்டு, பம்பாயில் அத்தகையோரின் காலடியோசை ஓயும்வரை காத்திருந்து பிறந்தது. வாய்ப்புக் கிடைத்தால் அதனை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இரைச்சல் என்று ஒதுக்கிய காலத்தினின்று ஒரு ஷெனாயின் குரல் நம்மை நாடி வரும்.